மேருவில் கை வைக்குமுன்: சுசீந்திரத்து வீணைகளுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் அலங்கார மண்டபத்தில் இசைத்தூண்கள் நிற்கின்றன. ஒரே கல்லில் பல சிறு தூண்களாகச் செதுக்கியவை. நூற்றாண்டுகள் கடந்தும் அவற்றை யாரும் சுருதி கூட்ட வேண்டியிருக்கவில்லை. கல்லுக்குத் தந்தி இல்லை, தந்தியை முறுக்கும் பிரடை இல்லை, மேருவும் இல்லை. ரத வீதியில் ஒரு வீட்டுக்குள் உறை போட்டு வைத்திருக்கும் வீணைக்கு இவை மூன்றும் உண்டு. போதாக்குறைக்குப் பக்கத்தில் பழையாறு, சில கிலோமீட்டர் தெற்கே கடல், ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். காலையில் கூட்டிய சுருதி சாயங்காலம் இறங்கிக் கிடக்கும். பார்க்க வந்தவர்களில் விவரம் தெரிந்த ஒருவர், "மேருவ மாத்திப் பாருங்க" என்பார்.

மாற்றலாம். சில வீணைகளில் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அது சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றுவதுபோல முடிகிற வேலை இல்லை. பிரடையிலிருந்து வரும் நான்கு வாசிப்புத் தந்திகளும் ஏறி இறங்கும் இடம் மேரு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் நான்குக்கும் இடைவெளியையும் உயரத்தையும் அதுதான் கொடுக்கிறது. அந்த உயரத்தை நம்பித்தான் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து மேளம் கட்டியிருக்கிறார்கள். மேருவைத் தொட்டவர் மேளத்தையும் தொட்டவர்.

இன்னொன்று, வீணையில் மேருவின் வேலை மற்ற கருவிகளைவிடக் கடுமையானது. கமகத்துக்காகத் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கிறோம். ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று சுரம் ஏறுவது சாதாரணம். இழுக்கும்போது மேருவுக்கும் பிரடைக்கும் நடுவிலிருக்கும் தந்தியில் சிறிதளவு இந்தப் பக்கம் வழுக்கி வரும். விட்டதும் அது திரும்பிப் போக வேண்டும். மேருவில் தந்தி அமரும் காடி கரடாக இருந்தால் போகாது. எஃகுத் தந்தி அதிகம் நீளாத பொருள். ஒரு தலைமுடியின் பருமன் அளவு வழுக்கி அங்கேயே நின்றுவிட்டால்கூட சுருதி இறங்கியது காதுக்குத் தெரியும். இழுவிசை நூறில் ஒரு பங்கு குறைந்தால் அரைச்சுரத்தில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு இறங்கும் என்பது கணக்கு. தோடியைக் கொஞ்சம் விரித்து வாசித்தாலே சாரணி இறங்கிவிடுகிறது, தாளத் தந்திகள் மட்டும் அப்படியே நிற்கின்றன என்றால் சந்தேகம் மேருவின்மேல் போவது நியாயம். தாளத் தந்திகள் மூன்றும் அந்த வழியாகப் போவதில்லை, தண்டியின் பக்கத்தில் அவற்றுக்குத் தனிப் பிரடைகள்.

செய்ய வேண்டியவை

முதலில் பிரடையைச் சோதியுங்கள். சாக்பீஸால் பிரடையின் தலையிலும் அதை ஒட்டிய மரத்திலும் ஒரே நேராக ஒரு கோடு போடுங்கள். சுருதி கூட்டி, ஒரு மணி நேரம் வாசியுங்கள். சுருதி இறங்கி, கோடும் விலகியிருந்தால் பிரடை வழுக்குகிறது. மேருவுக்கு இதில் பங்கே இல்லை. மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதி இறுகும் பிரடை, மாசி பங்குனியில் காய்ந்து சுருங்கித் தளரும். வழுக்கினால் சாக்பீஸ் தூள், இறுகினால் உலர்ந்த சோப்பு லேசாக. சுருதி நிற்காத வீணைகளில் பெரும்பங்கு இந்தச் சோதனையிலேயே தேறிவிடும்.

காதைத் தீட்டிக்கொண்டு பிரடையைத் திருப்புங்கள். சுருதி சீராக ஏறாமல், கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு 'டிக்' என்ற சின்னச் சத்தத்தோடு குதித்து ஏறினால் தந்தி காடியில் சிக்குகிறது. இன்னொரு வழியும் உண்டு. மேருவுக்கும் பிரடைக்கும் நடுவில் தந்தியை விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். விட்ட பிறகும் சுருதி மாறியே நின்றால் அதே நோய்தான். இந்த இரண்டும் இல்லாமல் மேருவைக் கழற்றக் கிளம்புவது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போடுகிற வைத்தியம்.

நோய் மேருவில்தான் என்று தெரிந்தாலும், முதலில் காடியைச் சுத்தம் செய்து பாருங்கள். கடல் காற்றில் எஃகுத் தந்தி துரு ஏறும். பித்தளை மேருவானால் காடிக்குள் களிம்பு பிடிக்கும். துருவும் களிம்பும் சேர்ந்தால் அரத்துக்கு நடுவில் தந்தி ஓடுகிற கதை. தந்தியை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, காடியை உலர்ந்த துணியாலும் பழைய பல்துலக்கியாலும் தேய்த்து, 4பி அல்லது 6பி பென்சிலின் கரியை உள்ளே பூசுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் மேரு மாற்றும் யோசனையே பல வீடுகளில் எழாது. பத்து ரூபாய் பென்சில் செய்கிற வேலையை ஆயிரம் ரூபாய்க்குச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இனி மாற்றித்தான் ஆக வேண்டிய நிலைகள். காடி தேய்ந்து ஆழமாகி, திறந்த தந்தி முதல் மெட்டில் உரசி இரையும் நிலை ஒன்று. மேருவில் விரிசல், அல்லது அது இருக்கையை விட்டு ஆடும் நிலை இன்னொன்று. காடி பக்கவாட்டில் அகன்று தந்தி நகர்ந்துகொண்டே இருப்பது மூன்றாவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தயங்க வேண்டாம்.

கழற்றுமுன் அளந்து எழுதுங்கள். முதல் மெட்டின் மேல் ஒவ்வொரு தந்தியும் எவ்வளவு உயரத்தில் போகிறது, தந்திக்கும் தந்திக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், மேருவின் முன்விளிம்பிலிருந்து முதல் மெட்டு வரை எவ்வளவு, எல்லாம். கைப்பேசியில் பக்கவாட்டுப் படமும் எடுத்து வையுங்கள். முன்விளிம்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். தந்தியின் நீளம் தொடங்குவது அங்கேதான். மேருவிலிருந்து குதிரை வரை 80 சென்டிமீட்டர் என்று வையுங்கள். புதிய மேருவின் முன்விளிம்பு 3 மில்லிமீட்டர் முன்னால் வந்துவிட்டால், திறந்த தந்தியைச் சுருதி கூட்டிய பிறகு 24 மெட்டும் ஒருசேர அரைச்சுரத்தின் பதினைந்தில் ஒரு பங்கு விலகி நிற்கும். தனியாக வாசிக்கும்போது ஒப்பேறிவிடும். தம்புராவை ஓட விட்டால் ஒப்பேறாது.

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். எருமை எலும்பு கெட்டியானது, கொழுப்பு நீக்கி உலர்த்தியது என்றால் தந்தி வழுக்கிப் போகும், எளிதில் தேயாது. வீணையில் எலும்பு வேண்டாம் என்று நினைக்கிற வீடுகள் நாஞ்சில் நாட்டில் நிறைய. அவர்களுக்குப் பித்தளை நல்லது, ஒலி சற்றுக் கூர்மையாகக் கேட்கும், களிம்பைக் கவனித்துத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். கருங்காலியும் பரவாயில்லை. ஆனால் மந்தரம், அனுமந்தரத்தின் கம்பி சுற்றிய தந்திகள் மரத்தை அரம்போல அறுத்துக் காடியை ஆழமாக்கும். மலிவான பிளாஸ்டிக்கை என் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். எஃகுத் தந்தி அதில் சில மாதங்களில் தன் வழியை வெட்டிக்கொள்ளும்.

காடி வெட்டுவதுதான் உண்மையான வேலை. இங்கே அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். தச்சு வேலைக்கான அரம் இதற்குத் தடிப்பு. நாகர்கோவில் வடசேரியில் பரதநாட்டியத்துக்கான கோயில் நகை செய்யும் பொற்கொல்லர்கள் வைத்திருக்கிறார்களே ஊசி அரம், அது வேண்டும். காடியின் அகலம் தந்தியின் பருமனைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் கவ்வும், அதிகமானால் தந்தி உள்ளே ஆடி இரையும். அடிப்பகுதி வளைவாக இருக்க வேண்டும், 'வி' வடிவம் கூடாது. 'வி' தந்தியை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். காடி பிரடைப் பக்கமாகச் சற்றே சரிந்து இறங்கட்டும், தந்தி மேருவை விட்டுக் கிளம்பும் இடம் முன்விளிம்பாகவே இருக்கும். சரிவு எதிர்ப்பக்கமாகப் போய்விட்டால் தந்தி காடிக்கு நடுவிலிருந்து அதிரும். சிதார் மாதிரி ஒரு ரீங்காரம் வரும், சுருதியும் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆழம், தந்தியின் பாதிப் பருமன் உள்ளே இருந்தால் போதும். வெட்டி முடித்ததும் மெல்லிய வாட்டர் பேப்பரை நூல்போலச் சுருட்டிக் காடிக்குள் இழுத்து வழவழப்பாக்குங்கள். அனுமந்தரத்துக்குப் பழைய அனுமந்தரத் தந்தியையே இழுப்பானாக்கலாம், அளவு தானாக அமையும். எலும்பை அராவும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. நாற்றமும் வரும், அடுக்களைப் பக்கம் வேண்டாம்.

உயரத்தை அதிகமாக வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். அராவியதைத் திரும்ப வளர்க்க முடியாது. மாட்டிப் பார்க்கும்போது சாரணியில் 12-ஆம் மெட்டையும் முதல் மெட்டையும் ஒப்பிடுங்கள். 12-இல் மேல் சட்ஜமம் சேர்ந்து நிற்கிறது, முதல் மெட்டில் சுத்த ரிஷபம் மட்டும் ஏறிக் கேட்கிறது, முன்பு அப்படி இல்லை என்றால் மேரு இன்னும் உயரம்.

மேளம் கட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேரு வேலைக்கும் மேள வேலைக்கும் ஒரே ஆள் கிடைத்தால் நல்லது. இரண்டு ஆள் என்றால் மேரு முதலில், மேளம் பிறகு. இந்த வரிசை மாறினால் மேளத்துக்கு இரண்டு முறை காசு.

காலம் பார்த்துச் செய்யுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து, கோயிலில் மார்கழித் திருவிழாவும் முடிந்து, தையின் பிற்பகுதியிலிருந்து மாசி வரை காற்றில் ஈரம் குறைந்திருக்கும். மரம் ஊதாமல் தன் இயல்பில் இருக்கும், பசையும் ஒழுங்காக உலரும். ஆடி மாதம் இதற்கு ஆகாது. சாத்திரத்தால் சொல்லவில்லை, சாரலால் சொல்கிறேன்.

செய்யக்கூடாதவை

காடியில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தென்னை நாடு நமது, எதற்கும் அதுதான் கைக்கு முதலில் வரும். வாசிக்கும்போது இடக்கை விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம், அதில் தப்பில்லை. காடிக்குள் போன எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். முதல் வாரம் வழுக்கும், பிறகு முன்பைவிட மோசமாகக் கவ்வும். வழிந்து மெட்டுப் பக்கம் போனால் மெழுகையும் இளக்கும்.

தந்தமோ மான்கொம்போ வாங்காதீர்கள், யாராவது பழைய துண்டு தருகிறேன் என்றாலும். பழைய வீணைகளில் அலங்கார வேலைக்கு இரண்டும் போட்டிருக்கிறார்கள் என்பது உண்மை. இந்த ஊர் முன்பு இருந்த திருவிதாங்கூரில் தந்தத்துக்குத் தனி மரியாதையே உண்டு. 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். அது அந்தக் காலம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தந்தத்தை வாங்குவதையும் விற்பதையும் தடை செய்துவிட்டன. மான்கொம்புக்கும் அதே கதிதான், தானாக உதிர்ந்தது என்று சொன்னாலும் எடுபடாது. உங்கள் வீணையில் பாட்டி காலத்து மேரு அப்படி ஒன்றாக இருந்தால், அதைத் தேய்த்து வீணாக்க வேண்டாம். சரியாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

குதிரை நிற்கும் இடத்தைக் குறிக்காமல் தந்திகளைத் தளர்த்தாதீர்கள். குதிரையின் கால்களைச் சுற்றி மெல்லிய பென்சில் கோடு ஒன்று போதும். அதைச் செய்யாதவர்கள் மேரு மாற்றிய பிறகு "மெட்டெல்லாம் ஏறிப் போச்சே" என்று மேருவைத் திட்டுவார்கள். நகர்ந்தது குதிரை.

தாளத் தந்திகளைத் தேவையில்லாமல் அவிழ்க்காதீர்கள். அவற்றுக்கு இதில் வேலை இல்லை.

மேருவை ஃபெவிக்விக் போன்ற பசையால் இறுக்கி ஒட்டாதீர்கள். அடுத்த முறை கழற்றுபவர் தண்டியின் மரத்தோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டிவரும். நன்றாக அமர்ந்த மேருவைத் தந்தியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். நகராமல் இருக்க இரண்டு சொட்டு வச்சிரம் போதும், சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிக் கொடுப்பதுதான் அதன் சிறப்பு. மேருவின் அடி தட்டையாக மரத்தில் முழுக்கப் படிவதுதான் முக்கியம். அடியில் இடைவெளி வைத்துப் பசையால் நிரப்பினால் ஒலி மந்தமாகும், கமகம் இழுக்கும்போது மேரு அசையும்.

காடி ஆழமாகிவிட்டது என்று அதற்குள் நூல், காகிதத் துண்டு திணிக்காதீர்கள். கச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒருநாள் போகட்டும். அதையே ஒரு வருடம் வைத்திருக்கிறவர்களும் உண்டு. தம்புராவின் குதிரையில் ஜீவாவுக்கு நூல் வைக்கிறோமே என்று கேட்கலாம். அது ரீங்காரத்தைத் திறக்கிற நூல். மேருவில் வைத்தது தந்தியைக் கவ்வுகிற நூல்.

லங்கரை மேருவின் குறைக்கு மருந்தாக்காதீர்கள். குதிரைக்குப் பின்னால் நாகபாசத்தை ஒட்டியிருக்கும் அந்த வளையங்கள் நுட்பமான சுருதிச் சரிக்கட்டலுக்கு. பல்லவி முடிந்து ஒருமுறை தொட்டால் சரி. ஒவ்வொரு கிருதிக்கும் இரண்டு முறை கை லங்கருக்குப் போகிறது என்றால் அது சரிக்கட்டல் இல்லை, வைத்தியம்.

மேரு மாற்றிய அன்றே புதுத் தந்தியும் போட்டு அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும், பிரடையில் சுற்றிய சுற்றுகளும் இறுகும். இறங்குவது எதனால் என்று பிரித்தறிய முடியாது. பழைய தந்தி துருப் பிடிக்காமல் இருந்தால் அதையே மாட்டி ஒரு வாரம் வாசியுங்கள், பிறகு தந்தியை மாற்றலாம்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாட்களில் முன்னுதித்த நங்கை அம்மன் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்டு, பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டுச் சரசுவதியோடும் வேளிமலைக் குமாரசாமியோடும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும். வீட்டில் கொலு வேலை ஒருபக்கம். வேலை முடியாத வீணையைச் சரசுவதி பூசையன்று மேருவில்லாமல் சாத்தி வைப்பது அழகல்ல. ஏழாம் நாளுக்குப் பிறகு அதைத் தொடவும் விடமாட்டார்கள். விஜயதசமியன்று எடுத்து வாசிக்க வேண்டிய கருவி பட்டறையில் கிடக்கும்.

மூடிய காரில், வெயிலில் வீணையை வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். மேரு தப்பிக்கும், மெழுகு தப்பிக்காது. மெட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வீணை அல்லாதவற்றுக்கு

மாவட்டத்தில் வீணையைவிடக் கிட்டார்தான் இப்போது அதிகம், ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழுக்கள் இருக்கும்வரை அது குறையப்போவதில்லை. அங்கே மேருவுக்குப் பெயர் நட். பென்சில் கரி, காடியின் சரிவு, ஊசி அரம் எல்லாம் அதற்கும் பொருந்தும். இரண்டு வித்தியாசங்கள் மட்டும் சொல்கிறேன். கிட்டாரின் மெட்டுகள் மரத்தில் அடித்து இறுக்கியவை, மேளக்காரரைக் கூப்பிட்டு நகர்த்த முடியாது. அதனால் முன்விளிம்பு பழைய இடத்திலேயே நிற்க வேண்டும். அடுத்தது, பழைய நட்டைத் தட்டிக் கழற்றுமுன் அதன் ஓரத்தைச் சுற்றி வார்னிஷில் கூரிய கத்தியால் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வார்னிஷ் பட்டையாக உரிந்து வரும். உயரத்துக்கு எளிய சோதனை உண்டு: இரண்டாம் மூன்றாம் மெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அழுத்துங்கள். முதல் மெட்டுக்கும் தந்திக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தால் சரி. ஒட்டிக்கொண்டால் காடி ஆழம், ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் காடி மேடு.

வயலினில் நட் பெரும்பாலும் கருங்காலி. நம் சங்கீதத்தில் ஒரே விரலை நீளமாக இழுத்துச் செல்வதால் காடி சீக்கிரம் தேயும். ஆனால் வயலினில் எக்காரணம் கொண்டும் நான்கு தந்தியையும் ஒன்றாக அவிழ்க்காதீர்கள். உள்ளே நிற்கும் சின்னக் கம்பம் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்தத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஒரு தந்தியை அவிழ்த்து, காடியைச் சுத்தம் செய்து, கரி பூசி, மாட்டி, அடுத்ததற்குப் போங்கள். நட்டையே மாற்றுவதென்றால் வயலின் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம், ஆசாரி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும்.

எந்தக் கருவியானாலும் கழற்றிய பழைய மேருவைத் தூக்கி எறியாதீர்கள். உறைக்குள் ஒரு காகிதத்தில் பொதிந்து, கழற்றிய தேதியையும் எழுதிய அளவுகளையும் சேர்த்து வையுங்கள். பத்து வருடம் கழித்து இந்த வேலையை மறுபடி செய்யப்போகிறவருக்கு நீங்கள் எடுத்த படங்களைவிட அந்தத் துண்டு அதிகம் சொல்லும்.